மூன்றாவது வரி

மருந்து தொடங்கிய பதினேழாம் நாள் காலையில், பேருந்தின் நெற்றியில் இருந்த ஊர்ப்பெயர் கன்னியப்பனுக்கு ஊர்ப்பெயராகத் தெரியவில்லை. கண்ணில் மங்கல் ஏதுமில்லை. வண்டியின் நம்பர் தெரிந்தது. ஓட்டுநரின் திருநீறு தெரிந்தது. கண்ணாடிக்குள் ஆடிய எலுமிச்சம்பழம்கூடத் தெரிந்தது. பெயர் இருந்த இடத்தில் மட்டும் கோழி கிளறிய குப்பை மாதிரி கோடும் சுழியுமாக என்னவோ கிடந்தது.

“இன்னாய்யா நிக்கிற? நம்ம வண்டிதான?” என்றாள் அவன் மனைவி பச்சையம்மா.

“நம்ம வண்டிதான், ஏறு,” என்றான், நம்பரைப் பார்த்து.

ஜன்னலோரம் உட்கார்ந்து கடைப் பலகைகளைப் பார்த்துக்கொண்டே போனான். வாழைத்தார் தொங்கியதால் மளிகைக் கடை என்று தெரிந்தது. சிமெண்டு மூட்டை அடுக்கியிருந்ததால் சிமெண்டுக் கடை. பலகை எதுவும் வாய் திறந்து பேசவில்லை. பச்சையம்மா பக்கத்தில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வந்தாள். அவளை எழுப்பிச் சொல்ல நினைத்தான். என்னவென்று சொல்வது?

கன்னியப்பன் கம்பி கட்டுகிறவன். வயது ஐம்பத்திரண்டு. இப்போதெல்லாம் சுவர் எழுப்ப ஆள் வேண்டாம். யந்திரம் சாந்தைக் கக்கிக்கொண்டே மாடி மாடியாக ஏறிப் போய்விடும். ஆனால் தூணும் உத்தரமும் சேருகிற மூலையில் அதன் விரல் நுழையாது. அங்கே கட்டுக்கம்பியை மடக்கி, கொக்கியை மாட்டி, ஒரு திருகு திருக மனிதக் கைதான் வேண்டும். அந்தக் கைதான் சித்திரை மாதம் உச்சி வெயிலில் செத்துப்போனது. கொக்கி கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவன் அப்படியே சாய்ந்தான். கோணிய வாய் பத்து நாளில் நேரானது. கால் ஒரு மாதத்தில் வந்தது. வலது கை மட்டும் தோளில் கட்டிவிட்ட ஈர மூட்டையாகத் தொங்கியது.

வேறு வைத்தியம் இல்லை என்று எல்லாரும் கைவிட்ட பிறகுதான், ஏரியைத் தூர்த்துக் கட்டிய அந்த மூளை ஆய்வகத்துக்கு வந்தார்கள். முதல் நாள் டாக்டர் ஜெசிந்தா பொறுமையாகச் சொன்னார்.

“குழந்தையோட மூளை பிசைஞ்ச மாவு மாதிரி இருக்கும். என்ன சொல்லிக் கொடுத்தாலும் பதியும். வயசாக ஆக இறுகிடும். இந்த மருந்து அதை முப்பது நாளைக்கு மறுபடி இளக்கிவிடும். அந்த முப்பது நாள்ல கைக்கு விடாம பயிற்சி கொடுத்தா, செத்துப்போன இடத்தோட வேலையை வேற ஒரு இடம் எடுத்துக்கும்.”

“அந்த வேற எடத்துக்காரன் சும்மா உடுவானாம்மா?” என்றான் கன்னியப்பன்.

டாக்டர் சிரித்துவிட்டார். “படிச்சவங்ககூட இதைக் கேக்கல. சும்மா விடமாட்டான். அதனாலதான் முதல்ல ஒரு பட்டியல் எடுக்கறோம். உங்களுக்கு எதெல்லாம் வேணுமோ, அதையெல்லாம் தினமும் தலைக்கு ஒரு மின்சாரக் குல்லாவைப் போட்டுப் பழக்கிக் காப்பாத்துவோம். யாரும் குடியில்லாத இடத்தை மட்டும் கைக்குக் கொடுப்போம்.”

பட்டியல் எடுத்தபோது அவன் படம்பிடிக்கிற குழாய்க்குள் படுத்திருந்தான். பச்சையம்மாவைத்தான் கேட்டார்கள். சொந்தக்காரர் முகங்கள், வீட்டுக்கு வழி, எண்ணிக்கை, பம்பைத் தாளம், கம்பி அளவு என்று யோசித்து யோசித்துச் சொன்னாள். ‘எழுத்து’ என்று அவளுக்குத் தோன்றவில்லை. அது மூக்கு மாதிரி அவனோடு இருக்கிற சாமான். அதையும் யாராவது கொண்டு போவார்கள் என்று யார் நினைப்பார்கள்? அலுவலகத்துக்காரரும் கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணம் இருந்தது.

ஒப்புதல் தாளில் கன்னியப்பன் கைநாட்டு வைத்திருந்தான்.

இடது கையால் எழுதியிருக்கலாம். எறும்பு ஊர்ந்த மாதிரி வந்திருக்கும், அவ்வளவுதான். பிறந்ததிலிருந்து எழுத்தோடு வளர்ந்தவர்கள் கையில் பேனா எப்படி அகப்பட்டாலும் கிறுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். நாற்பத்தோரு வயதில் கற்றவனுக்குக் கையெழுத்து என்பது சொந்தமாகக் கட்டிய வீடு. அதைக் கோணலாக நாலு பேர் பார்க்கக் காட்ட மனம் வரவில்லை. “மை டப்பா குடு சார்,” என்று இடது கட்டை விரலை நீட்டினான். அலுவலகத்துக்காரர் ‘படிக்கத் தெரியுமா’ என்ற கட்டத்தில் கோடு போட்டு அடித்துவிட்டு அடுத்த தாளைத் திருப்பினார்.

அன்று ஆய்வகத்தில் கன்னியப்பன் குல்லாவைப் போட விடவில்லை. டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றான்.

“எழுத்து தெரியலம்மா.”

“உங்களுக்குத்தான் படிக்கத் தெரியாதே?”

“யாரு சொன்னது? தினத்தந்தி பேப்பர கடைசிப் பக்கம் வரைக்கும் படிப்பேன். பதினோரு வருசமா சைட்டுல பலக படிக்கிறவன் நான்.”

டாக்டர் கணினியைத் திருப்பினார், எதையோ தேடினார், கைநாட்டு வைத்த தாளை எடுத்தார். அவர் முகம் வெளுத்துப் போவதைக் கன்னியப்பன் பார்த்தான். எழுத்துப் போனாலும் முகம் படிக்க முடிந்தது.

“படிக்கிறவங்களுக்குக் கண்ணுக்குப் பின்னால எழுத்துக்குன்னு ஒரு இடம் இருக்கும்,” என்றார் மெதுவாக. “உங்களுக்கு அது இல்லைன்னு நினைச்சு... காலி இடம்னு கைக்குக் கொடுத்திருக்கோம்.”

“பொறம்போக்குன்னு எழுதிட்டீங்க.”

“ஆமாம்.”

“பட்டா எடம்மா அது. பயிரு வெச்சிருந்தேன்.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “தப்பு எங்களோடது. இப்ப ரெண்டு வழிதான் இருக்கு. இன்னைக்கே மருந்தை நிறுத்தினா, மிச்ச எழுத்து கொஞ்சம் தங்கலாம். ஆனா கை இத்தோட நின்னுடும். டம்ளர் பிடிக்கலாம், கொக்கி பிடிக்க முடியாது. முப்பது நாளும் முடிச்சா கை முழுசா வரும். எழுத்து போயிடும். இன்னொரு தடவை இளக்கவும் முடியாது, வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்து.”

“மறுபடி கத்துக்கினா?”

“கண்ணால பாத்து இனிமே ஏறாது. அந்த இடத்துலதான் கை குடியேறிடுச்சே.”

கன்னியப்பன் தன் வலது கையைப் பார்த்தான். பதினேழு நாளில் விரல்கள் எழுந்திருந்தன. சுண்டு விரல்கூட அசைந்தது. கொக்கி பிடிக்காத கம்பிக்காரனை எந்த மேஸ்திரி கூப்பிடுவான்? சித்தாள் வேலையில் பச்சையம்மாவின் முதுகு ஏற்கெனவே வளைந்துவிட்டது. அவன் தலை நிமிரவில்லை.

“குல்லாவப் போடுங்க.”

“வீட்டுல கலந்து பேசிட்டு...”

“அவகிட்ட சொல்லாதீங்கம்மா. கும்புட்டுக் கேக்கறேன்.”

வெளியே வந்தபோது பச்சையம்மா, “இன்னிக்கு இன்னா இவ்ளோ நேரம்?” என்று கேட்டாள்.

“குல்லா சூடாயிடுச்சாம். ஆற வெச்சாங்க,” என்றான்.

அவளிடம் ஏன் சொல்லவில்லை என்பதற்குப் பதினோரு வருஷத்துப் பழைய கதை ஒன்று உண்டு. பச்சையம்மாவின் தம்பி ஏழுமலையும் கன்னியப்பனும் ஒரே சைட்டில் கம்பி கட்டினார்கள். ஒருநாள் காலை, மேல் தளத்தைத் தாங்கிய முட்டுகளை எடுத்துவிட்டார்கள் என்று பலகையில் எழுதி வைத்திருந்தது. பலகை அவர்கள் கண்ணெதிரில்தான் இருந்தது. பத்துப் பேர் அதைத் தாண்டிப் போனார்கள். “ஏறுடா மச்சான், பின்னாலயே வரேன்,” என்று சொன்னவன் கன்னியப்பன்தான். பீடியைப் பற்ற வைத்துவிட்டு நிமிர்வதற்குள் தளம் ஏழுமலையோடு இடிந்து இறங்கிவிட்டது.

காரியம் முடிந்த மறுநாள் டீக்கடைக்குப் போய், பழைய காலண்டர் தாளில் எழுத்து எழுதித் தரச் சொன்னான். கடைக்காரர் முதலில் எந்தப் பேர் வேண்டும் என்று கேட்டார். தன் பேரைக் கேட்கத் தோன்றவில்லை, மச்சான் பேரைக் கேட்டான். பென்சில் அவன் விரலுக்குள் நிற்காமல் வழுக்கியது. மிஞ்சிய கட்டுக்கம்பியை எடுத்து எழுத்து எழுத்தாக வளைத்தான். வளைத்த எழுத்தைக் கண்ணை மூடித் தடவிப் பார்ப்பான். ஆறே மாதத்தில் உயிரும் மெய்யும் உயிர்மெய்யும் அத்தனையும் கம்பியில் வளைத்து முடித்தான். அன்றிலிருந்து தணிகாசலம் மேஸ்திரியின் ஆட்கள் எந்தச் சைட்டுக்குப் போனாலும் ஒரு வழக்கம்: கன்னியப்பன் பலகையைச் சத்தமாகப் படிக்காமல் ஒருத்தரும் சாரத்தில் கால் வைப்பதில்லை. ஆட்களில் பாதிப் பேர் எழுத்து அறியாத ஊர்க்காரர்கள். மீதிப் பேர் ஒடிசாக்காரர்கள். தமிழ் பேசுவார்கள், படிக்க மாட்டார்கள். மேஸ்திரிக்கு வரைபடமும் நம்பரும்தான் தெரியும். கைப்பேசியைக் காட்டினால் அது படித்துச் சொல்லும். ஆனால் கைப்பேசியை வாசலிலேயே வாங்கிப் பையில் போட்டுக் கட்டிவிடுவார்கள்.

முப்பது நாள் முடிந்து, ஆவணி பிறந்ததும் வேலைக்குத் திரும்பினான். கை பழைய கையைவிட நன்றாகவே இருந்தது. ஒரே மூச்சில் நாற்பது கட்டு கட்டினான்.

“இன்னா மாமா, புதுக் கை போட்டுக்கினு வந்துக்கிற? எந்தக் கடையில வாங்கின? எனக்கும் ஒண்ணு சொல்லு,” என்றான் சடையன். பச்சையம்மாவுக்குத் தூரத்து உறவு, வாய்க்குப் பூட்டில்லாதவன்.

“ஒன் கைக்கு இன்னாடா கேடு?”

“கைக்குக் கேடு இல்ல. அது வேல செய்ய மாட்டேங்குது, அதான்.”

எல்லாரும் சிரித்தார்கள். மேஸ்திரி, “சரி சரி, பலகயப் படி கன்னியப்பா. நீ இல்லாம மூணு மாசமா சேப்டி சார்தான் படிச்சாரு. ரயில் ஓடற மாதிரி படிப்பாரு, ஒண்ணும் புரியாது,” என்றார்.

அந்த முதல் நாளை நினைத்தால் அவனுக்கு இப்போதும் வியர்க்கும். நல்ல வேளையாக, பாதுகாப்பைப் பார்க்கிற அந்த சேப்டி சாருக்கு ஒரு பழக்கம் இருந்தது. எழுதும்போது வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே எழுதுவார். அன்று அவர் அப்போதுதான் எழுதிக்கொண்டிருந்ததால், காதில் விழுந்ததைச் சொல்லித் தப்பித்தான். மறுநாளிலிருந்து கன்னியப்பன் மற்றவர்களுக்கு முன்னால் ஓடிப் போய், சுண்ணாம்புக் கட்டி எடுத்துக் கொடுக்கிற சாக்கில் பக்கத்தில் நிற்பான். கேட்டதை மனசில் வாங்கி, பிறகு பலகையைப் பார்த்துப் படிக்கிற மாதிரி சொல்லுவான். பெரும்பாலும் இரண்டே வரிதான். ஹெல்மெட் போடு. பெல்ட் மாட்டு. மூலையில் எழுதினவர் பேர்.

பத்து நாள் இப்படி ஓட்டினான். தினமும் வேலை முடிந்து எல்லாத் தலையும் கீழே வந்து சேரும்வரை எண்ணிக்கொண்டே இருப்பான். பச்சையம்மா கை வந்த சந்தோஷத்தில் அங்காளம்மனுக்குப் பொங்கல் வைக்க நாள் பார்த்தாள். இன்று சொல்லிவிடலாம், இன்று சொல்லிவிடலாம் என்று பத்து நாள்.

பதினோராம் நாள் பேருந்து வழியில் நின்றுவிட்டது. சைட்டுக்கு ஓடி வந்து சேர்ந்தபோது சேப்டி சார் எழுதி வைத்துவிட்டு மேலே போயிருந்தார். ஆட்கள் பலகை முன்னால் காத்திருந்தார்கள். யாரையாவது அனுப்பி அவரைக் கூட்டி வரச் சொல்லலாம். ஏன் என்று கேட்பார்களே.

“வா மாமா, வெயில் ஏறுது,” என்றான் சடையன், பெல்ட்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டே.

கன்னியப்பன் நிமிர்ந்து பார்த்தான். கோடும் சுழியும். தொண்டையைச் செருமிக்கொண்டு வழக்கமான குரலை எடுத்தான்.

“ஹெல்மெட் போடு. பெல்ட் மாட்டு. அவ்ளோதான், போங்க.”

“இருய்யா,” என்றாள் பச்சையம்மா. தலையில் சும்மாடு வைத்தபடி நின்றிருந்தாள். “மூணு வரி கீது. நீ ரெண்டுதான் சொன்ன.”

அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் பதினோரு வருஷமாகப் பலகையையும் அவன் வாயையும் சேர்த்துப் பார்த்தவள். இவ்வளவு நீளக் கோட்டுக்கு இவ்வளவு பேச்சு என்று அவளுக்கு அளவு தெரியும்.

“அதுவா... நாளைக்குத் தண்ணி லாரி வராதாம். அதப் போட்டுக்கிறாரு.”

சொன்னது தன் வாய்தானா என்று அவனுக்கே தெரியவில்லை. “தண்ணி வராதா? அப்போ குளிக்கற வேல மிச்சம்,” என்று சடையன் திரும்பி நடந்தான். ஒடிசாக்காரர்கள் இரண்டு பேர் பின்னால் போனார்கள். சடையன் சாரத்தின் முதல் குழாயில் கால் வைத்தான். இடது கால். ஏழுமலையும் இடது காலைத்தான் முதலில் வைப்பான்.

“ஏறாத!”

அவன் போட்ட சத்தத்தில் வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. எல்லாரும் திரும்பினார்கள்.

“எறங்குடா கீழ. எனக்கு... எனக்கு எழுத்து தெரியல. பொய் சொன்னேன். அது இன்னா வரின்னு எனக்குத் தெரியாது.”

பச்சையம்மா மெதுவாக நடந்து அவன் முன்னால் வந்தாள்.

“எப்போலருந்து?”

“மருந்து சாப்பிட்ட பதினேழாம் நாள்லருந்து.”

“குல்லா சூடாயிடுச்சுன்னு சொன்னியே, அன்னிக்கா?”

அவன் தலையாட்டினான்.

“பத்து நாளா இவங்களக் கண்ணக் கட்டி மேல ஏத்திக்கினு இருந்தியா? என் தம்பி ஒருத்தன் போதலியா ஒனக்கு?” அவள் குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் தாங்கியிருப்பான்.

“கை போயிட்டா நாம எப்படிமே...” என்று தொடங்கி, முடிக்க முடியாமல் பலகை பக்கம் திரும்பிக்கொண்டான். கண்ணை மூடிக்கொண்டு அதைப் பிடித்தான். வலது கை மூன்றாவது வரியின் தொடக்கத்தில் போய் ஊன்றியது. ஆள்காட்டி விரல் சுண்ணாம்புக் கோட்டின் வளைவில் விழுந்தது. விழுந்த விரல் சும்மா இருக்கவில்லை; கோட்டின் மேலேயே இறங்கி, திரும்பி, மடங்கிப் போனது, கம்பியை வளைக்கிற மாதிரி.

“நா,” என்றான்.

கண்ணைத் திறந்து பார்த்தான். குப்பை. கண்ணை மூடி அடுத்த எழுத்தைத் தடவினான்.

“லா... ம். நாலாம்.”

“இன்னா மாமா பண்ற?” சடையன் கிட்டே வந்தான்.

“பேசாத.” கை முன்னால் போனது, வாய் பின்னால் போனது. கண்ணிடமிருந்து பிடுங்கிக்கொண்ட இடத்தில் உட்கார்ந்திருந்த கை, ஒரு காலத்தில் தான் வளைத்த எழுத்தை எல்லாம் மறக்காமல் வைத்திருந்தது. “நாலாம் மாடி... மு... ட்... டு. முட்டு. முட்டு எடுத்தாச்சு. ஏறக் கூடாது.”

கடைசி எழுத்துக்கு வந்தபோது அவன் விரல் வெள்ளையாக இருந்தது. சடையன் தரையில் உட்கார்ந்துவிட்டான். நாலாம் மாடியில்தான் அன்றைக்கு அவர்களுக்கு வேலை.

மேஸ்திரிதான் முதலில் கவனித்தார். “யோவ், பலகயப் பாருய்யா.” விரல் போன இடமெல்லாம் சுண்ணாம்பு அழிந்திருந்தது. மூன்றாவது வரி வெறும் புகை. எழுதினவர் பேரும் புறங்கை பட்டுப் போய்விட்டது. “இப்போ பெயிண்ட்காரங்க வருவாங்க. அவங்களுக்கும் அதே நாலாம் மாடிதான்.”

“நாம நின்னு சொல்லலாம்,” என்றான் சடையன்.

“சொல்லுவோம். பலகயிலயும் இருக்கணும். பலகயில இல்லாததால ஒருத்தன் ஏறினான்னு இருக்கக் கூடாது.” கன்னியப்பன் சுண்ணாம்புக் கட்டியை எடுத்தான். கண்ணைத் திறந்தால் கை தடுமாறியது, மூடிக்கொண்டு எழுதினான். நாலாம் மாடி முட்டு எடுத்தாச்சு. ஏறக் கூடாது. எழுதினவர் பேர் கீழே இருக்க வேண்டும் என்பது சைட் சட்டம். தன் பேரை நினைத்துக்கொண்டு மூலையில் கையெழுத்தும் போட்டான். கை தேர் மாதிரி நேராகப் போனது. மை டப்பா வேண்டியிருக்கவில்லை.

“சரியா எழுதிக்கிறயா?” என்றாள் பச்சையம்மா.

“எனக்கு எப்படிமே தெரியும்?”

அதுதான் அவனைக் குடைந்தது. இனி எழுதலாம், எழுதியது என்னவென்று பார்க்க முடியாது. கை சொன்னதைக் கையிடமே கேட்டுத்தான் நம்ப வேண்டும்.

பெயிண்ட்காரர்கள் பேச்சும் சிரிப்புமாக வந்தார்கள். அவர்களில் பிளஸ் டூ படித்த பெண் ஒருத்தி இருந்தாள். பலகை முன்னால் நின்று வாய்விட்டுப் படித்தாள். ஹெல்மெட், பெல்ட். கன்னியப்பன் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான்.

“நாலாம் மாடி முட்டு எடுத்தாச்சு. ஏறக் கூடாது. ஐயோ, நல்ல வேளை!” என்றவள், குனிந்து மூலையைப் பார்த்தாள். “சேப்டி சார் எழுதலியா இன்னிக்கு? வேற யாரோ பேர் போட்டிருக்கே. ஏழுமலை.”

கன்னியப்பன் தன் கையைப் பார்த்தான். கை ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி, சுண்ணாம்புக் கட்டியைப் பிடித்தபடி இருந்தது. பச்சையம்மா தலையிலிருந்த சும்மாட்டை எடுத்தாள். பலகைக்கு அருகில் போய் அந்த மூலையைப் பார்த்தபடி நின்றாள். தொடவில்லை. தொட்டால் அழிந்துவிடும்.

மேலே இருந்து இறங்கி வந்த சேப்டி சார் கூட்டத்தைப் பார்த்துவிட்டு வேகமாக வந்தார். “என் போர்டுல கை வெச்சது யாரு?” என்றவர் பலகையைப் படித்தார். குரல் இறங்கியது. “சரியாத்தான் எழுதியிருக்கான். யாருய்யா இந்த ஏழுமலை? கூப்பிடு அவனை.”

கன்னியப்பன் பச்சையம்மாவைப் பார்த்தான்.

“அவன் ஏறிட்டான் சார்,” என்றாள் பச்சையம்மா. “பதினோரு வருசமாச்சு.”